தீ விபத்துப் படிவத்தின் பின்பக்கம்

கயானியில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
சூரியன் மட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டது,
தாழ்வாக,
ஜன்னலின் உயரத்துக்கு.

நான் தீயை அளக்க வந்தவன்.
ரௌனியின் வீட்டில் எரிந்தது அதிகமில்லை:
ஒரு கம்பளிச் சட்டை, நாற்காலியின் முதுகு,
திரைச்சீலையில் பாதி,
சுவரில் ஆளுயரத்துக்குப் புகை.
"அவனிடம் இன்னும் ஒரு சாவி இருக்கிறது" என்றாள்.
அவன் என்றால் ஹெய்மோ.
போலீஸும் அதைத்தான் குறித்துக்கொண்டு போயிருந்தது.
அவள் சொன்ன குரலில்
புகார் பாதிதான் இருந்தது.
மீதிக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஜன்னலோரம் மேஜை.
மேஜையில் உருண்டைக் கண்ணாடித் தொட்டி,
விளிம்புவரை தண்ணீர், மீன் இல்லை.
"ஜனவரியில் செத்துப்போச்சு.
தண்ணியைக் கொட்ட மனசு வரல."

தொட்டிக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி
பைன் பலகையில் மெல்லிய கரிக்கோடுகள்.
மூன்று.
புருவம்போல் வளைந்தவை.
ஒவ்வொன்றும் முந்தையதைவிட
மயிரிழை தொட்டிக்கு நெருக்கமாக.
இரண்டாவது கோட்டில் நடுவே ஓர் இடைவெளி:
அன்று பதினொன்றரைக்கு மேகம் வந்திருக்க வேண்டும்.
வெளியே சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர
கரி மேற்கிலிருந்து கிழக்கே நடந்திருந்தது.
பகல் முழுக்க எட்டாம் எண் பஸ் ஓட்டுபவள்,
இதை எப்போது பார்ப்பாள்?
நான்காம் நாள் கோட்டின் வழியில்
சட்டையின் கை கிடந்திருக்கிறது.

எப்படி என்று கேட்டாள்.
தண்ணீரில் வெளிச்சத்துக்கு வேகம் குறைவு என்றேன்,
சரிவாக நுழைந்தால் முதலில் தொட்ட பக்கம் முதலில் தயங்கும்...
"வலது சக்கரம் மட்டும் புதுப்பனியில் இறங்குகிற மாதிரி.
வண்டி வலப்பக்கமே இழுக்கும்."
முடித்துவைத்தவள் அவள்தான்.
இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைகள்
காற்றில் லேசாகத் திரும்பிக் காட்டின.
நட்டநடுவில் நேரே நுழைந்ததற்கு மட்டும்
திரும்ப வேண்டியதில்லை,
அது வந்தபடியே போய்விடும்.

படிவத்தைத் திருப்பி
அதன் வெற்றுப் பக்கத்தைத் தொட்டிக்குப் பின்னே பிடித்தேன்.
அகலமாய் ஒரு வெளிச்சக் கறை.
கொஞ்சம் பின்னே.
சுருங்கியது.
இன்னும் கொஞ்சம்.
மிளகளவு.
கண் கூசியது.
அது வெளிச்சத்தின் புள்ளி மட்டுமில்லை, ரௌனி,
சூரியனின் படம்,
அதனால்தான் உருண்டை.
தாளில் பழுப்பு ஏறியதும் கையை இழுத்தேன்.

அப்போது மேகம் மூடியது.
மிளகு அணைந்த இடத்தில்
முற்றம் வந்தது:
மேலே பனி, கீழே வானம்,
கூரையிலிருந்து தொங்குவதுபோல் பிர்ச் மரங்கள்,
சாம்பல் நிறத்தில் பாதை.
பாதையில் ஒருவர்
கால்கள் மேலே இருக்க
வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

ரௌனி குனிந்தாள்.
தாளை ஆட்டாதே என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
தலைகீழானாலும் நடை நடைதானே.
இரண்டு நொடி.
பிடி தளர்ந்தது.
தபால்காரர்.

"அப்போ, யாரும் வரல."
யாரும் வரவில்லை என்றேன்.
நல்ல சேதி சொல்லும் குரலில்தான் சொன்னேன்,
தொழில் பழக்கம்.
அவள் காப்பி போட்டாள், சர்க்கரை மறந்து.
தொட்டியைத் தூக்கி
வடக்குப் பார்த்த அறையில் வைத்தாள்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
சட்டை யாருடையது என்று நான் கேட்கவில்லை.
தோள் அகலம் அவளுக்குப் பொருந்தாதது.

காரணம் என்ற கட்டத்தில் 'வெயில்' என்று எழுதினேன்.
பழுப்புப் புள்ளியோடுதான்
படிவத்தை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.
இதுவரை யாரும்
திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.